டீசல் ஊற்றினால் இன்ஜின் கழுவியதாகாது

சித்திரை பிறந்து வயல் வேலை ஓய்ந்ததும் நீடாமங்கலம், மன்னார்குடிப் பக்கம் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு வண்டியைப் பற்றிய கவலை வந்துவிடும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்குச் சேற்றுழவு தொடங்கிவிடும். அதற்குள் வண்டியைச் சரிபார்த்துவிட வேண்டும். அந்தச் சரிபார்ப்பில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பழைய ஆயிலை இறக்கிவிட்டு, ஆயில் ஊற்றும் வாய் வழியாக நாலைந்து லிட்டர் டீசலை ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிடுவார்கள். கறுப்பாக வருவதை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுவார்கள். ‘இன்ஜின் வாஷ் பண்ணியாச்சு’ என்று சொல்லி கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பல காலமாக டிராக்டர் இன்ஜின் வேலை மட்டுமே பார்த்துவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பழக்கம் நல்ல இன்ஜின்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. இன்ஜினைக் கழற்றித்தான் கசடைக் கழுவ வேண்டும்.

கிராங்க் சுற்றும்போது அது பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆயில் மெல்லிய படலமாக நின்று கிராங்கைத் தாங்கிப் பிடிக்கிறது. டீசலுக்கு அப்படித் தாங்குகிற கனம் கிடையாது. லோடு இல்லாமல் சும்மா ஓடவிட்டாலும் ஒவ்வொரு வெடிப்பின் அடியும் கன்ராட் வழியாகப் பேரிங்கில்தான் இறங்குகிறது. அதைவிட மோசமானது பிறகு நடப்பது. பல வருஷமாகப் படிந்த கசடு டீசல் பட்டவுடன் கரைந்து ஓடிவிடாது. மேலே இளகும், அடியில் பெயரும், செதில் செதிலாகக் கிளம்பும். விரல் நுழைகிற அளவுள்ள டிரெயின் ஓட்டை வழியாக அதில் கொஞ்சம்தான் வெளியே வரும். மிச்சமெல்லாம் அடியில் ஆயில் நிற்கும் சேம்பருக்குள்ளேயே கிடக்கும். புது ஆயில் ஊற்றி வண்டியை வயலில் இறக்கியதும் பம்ப் அதை இழுத்துக்கொண்டுபோய் ஸ்ட்ரெய்னர் சல்லடையில் அப்பிவிடும். சல்லடை அடைபட்டால் சேம்பர் நிறைய ஆயில் இருந்தும் பேரிங்குக்கு ஒரு சொட்டுப் போகாது.

கோட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தன் மாசி 1035-ஐ இப்படித்தான் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனி வெளியிட்ட வண்டி அது. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜின், 36 குதிரைத்திறன். டெல்டாவில் இந்த வண்டி உழாத ஊர் இல்லை. “பிரஷர் முள்ளு ஏறவே மாட்டேங்குது தம்பி. போன வாரந்தான் வாஷ் பண்ணி புது ஆயில் ஊத்துனேன்” என்றார். “வாஷுன்னா என்ன பண்ணாங்கய்யா?” என்று கேட்டேன். “டீசல் ஊத்தி ஓட விட்டாங்க. தார் மாதிரி வந்துச்சு. சுத்தமா போயிடுச்சுன்னு சொன்னாங்க.” ஸ்டார்ட் செய்து பார்த்தபோது அடியில் டொக் டொக்கென்று சத்தம். உடனே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

சேம்பரை இறக்கியபோது சல்லடை இருக்கிற இடமே தெரியவில்லை. கறுப்புத் தோல் ஒன்று அதை மூடியிருந்தது. நகத்தால் ஒரு ஓரம் கிளப்பினால் ஏடு போல முழுசாக உரிந்து வந்தது. ஓரமாக விரல் அகலத்துக்குத்தான் கம்பி வலை வெளியே தெரிந்தது. அந்த இடைவெளி வழியாகப் போன ஆயிலில்தான் மூன்று கன்ராடும் நான்கு மெயின் பேரிங்கும் பிழைத்திருக்க வேண்டும். கன்ராட் பேரிங்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். மேலே இருக்க வேண்டிய சாம்பல் நிற மென்மையான பூச்சு போய், அடியில் இருக்கும் செம்பு நிறம் பளபளவென்று தெரிந்தது. கிராங்க் லேத்துக்குப் போயிற்று. குறுவை உழவு முழுக்க அவர் அடுத்தவர் வண்டிக்கு வாடகை கொடுத்தார்.

“வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும்” என்று அவருக்கு யாரோ ஆறுதல் சொல்லியிருந்தார்கள். இந்த ஆறுதல் எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது. இன்ஜினில் கசடு வயதால் வருவதில்லை. அது எப்படிச் சேர்கிறது என்று தெரிந்துகொண்டால் அதைத் தடுக்கவும் முடியும்.

பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. டீசலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றோடு சேர்ந்து எரிவதால் வருகிற நீராவி அது. பெரும்பகுதி சைலன்ஸர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே சேம்பருக்குள் இறங்கும். அதனுடன் புகைக்கரியும் எரியாத டீசலும் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி நெடுநேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி பிரீதர் குழாய் வழியே வெளியேறிவிடும். சூடேறாவிட்டால் ஆயிலிலேயே தங்கி, கரியோடு கலந்து, நாளடைவில் கெட்டியாகும். ஆயில் மூடியின் உட்புறம் வெளிர் மஞ்சள் குழம்பு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் தொடக்கம்.

நம்மூர் வெயிலில் இன்ஜின் சூடேறாமல் இருக்குமா என்று கேட்பார்கள். இருக்கும், அதற்கு நாமே வழி செய்து வைத்திருக்கிறோம். அறுவடை முடிந்து கொட்டகையில் நிற்கும் வண்டியை, பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கிறோம். ஒவ்வொரு முறையும் உள்ளே ஈரம் சேர்கிறதே தவிர வெளியேறுவதில்லை. ஸ்டார்ட் செய்தால் அரை மணிக்குக் குறையாமல் கொஞ்சம் லோடில் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் பேட்டரியின் ஒயரைக் கழற்றிவிட்டுச் சும்மா விட்டுவிடலாம். இன்னொன்று தெர்மோஸ்டாட். எண்பது டிகிரியை ஒட்டித் திறந்து, அதுவரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் பிடித்து வைக்கிற சின்ன வால்வு அது. வண்டி சூடாகிறது என்று எவராவது புகார் சொன்னால் முதலில் அதைப் பிடுங்கி எறிகிற வழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. ரேடியேட்டர் அடைப்பைப் பார்ப்பதில்லை, ஃபேன் பெல்ட் தொய்வைப் பார்ப்பதில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் டிரெய்லர் ஓட்டம், தண்ணி டேங்கர் ஓட்டம் போன்ற இலேசான வேலைகளில் வேண்டிய சூட்டை எட்டுவதே இல்லை. என்னிடம் வரும் பழைய வண்டிகளில் தெர்மோஸ்டாட் உள்ளதைக் காண்பதே அரிதாகிவிட்டது. கசடு மிகுந்த வண்டிகளும் தெர்மோஸ்டாட் இல்லாதவையேதான். அடைபட்ட பிரீதர் குழாய் மூன்றாவது காரணம். அதில் குளவி கூடு கட்டியிருந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் இருந்தாலும் ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால் கசடு இந்த அளவுக்குப் போயிருக்காது. பெரும்பாலான டிராக்டர் புத்தகங்கள் 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. பழைய வண்டிக்கு அதையும் குறைத்துக்கொள்வது நல்லது. நம்மவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ ஆடிப்பெருக்குக்கோ மாற்றுகிறார்கள். ஹவர் மீட்டர் செத்துப்போய் வெகுநாளாயிற்று என்பார்கள். டீசல் கணக்கு இருக்கிறதே! இந்த அளவுள்ள வண்டி உழவில் மணிக்கு மூன்றிலிருந்து நான்கு லிட்டர் குடிக்கும். 800 லிட்டர் டீசல் போட்டுவிட்டீர்கள் என்றால் ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பங்க் ரசீதைச் சேர்த்து வைத்தாலே போதும்.

இனி கழுவுகிற வேலைக்கு வருகிறேன். மாசி வகை வண்டியில் லாரிக்கு இருப்பதுபோல் தனி சேசிஸ் கிடையாது. முன் ஆக்சில், இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்டு நிற்பதுதான் வண்டி. 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரிலேயே இருந்த அமைப்புதான் இது. சேம்பரும் தகரத் தட்டு அல்ல, கனமான வார்ப்பிரும்பு. வண்டியின் எடையைத் தாங்குகிற எலும்புகளில் அதுவும் ஒன்று. ஆகவே அதை இறக்க வேண்டுமானால் இன்ஜினுக்கு முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தைப் பிரித்து நகர்த்தியாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. கனத்த மரக்கட்டை அடுக்கி, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பிறகுதான் என் பட்டறையில் பையன்கள் ஸ்பானரைத் தொடுவார்கள். ஒருநாள் வேலையில் பாதி இதற்கே போய்விடும். டீசல் வாஷ் ஏன் இவ்வளவு பிரபலமானது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சேம்பரை இறக்குவதற்கு முந்தின நாளே வண்டியை நன்றாகச் சூடேற்றி, சூடு ஆறுமுன் ஆயிலை இறக்கி, இரவு முழுக்க வடியவிட்டுவிடுவோம். வடிந்ததைக் கொஞ்சம் எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்ப்பேன். பொடிப்பொடியாக மினுங்கினால் பேரிங் தேய்கிறது என்று பொருள். பிறகு டேப்பெட் கவர். மூடியைத் தூக்கினால் ராக்கர் மேலும் ஸ்பிரிங் இடுக்கிலும் கசடு அப்பியிருக்கும். இங்கேதான் அவசரக்காரர்கள் காரியத்தைக் கெடுக்கிறார்கள். ஹெட்டிலிருந்து ஆயில் கீழே இறங்கும் ஓட்டைகளையும் புஷ்ராடு போகும் வழிகளையும் துணி வைத்து அடைக்காமல் சுரண்டினால், சுரண்டியதெல்லாம் உள்ளே விழும். அடைத்துவிட்டு மூங்கில் சில்லால் சுரண்ட வேண்டும். இரும்பு ஸ்குரூ டிரைவர் பேக்கிங் உட்காரும் முகத்தைக் கீறிவிடும், பிறகு வாழ்நாள் முழுக்க அங்கே ஆயில் கசியும். சுரண்டியதைக் கையோடு துணியில் துடைத்தெடுக்க வேண்டும். அதற்கு பனியன் வேஸ்ட் வேண்டாம். வெளியே கை துடைக்க அது உகந்தது. இன்ஜினுக்குள் அதன் நூல் பிசிறு ஒன்று விழுந்தாலும் நேரே சல்லடைக்குத்தான் போகும். பலமுறை துவைத்துப் பிசிறு ஓய்ந்த பழைய வேட்டித் துணி நல்லது.

சேம்பர் தனியாகத் தரைக்கு வந்த பிறகு டீசலை வேண்டிய மட்டும் பயன்படுத்தலாம், அதற்கு நான் எதிரியல்ல. சேம்பர், சல்லடை, டேப்பெட் கவர், பிரீதர் எல்லாவற்றையும் டிரேயில் போட்டு ஊறவைத்து பிரஷ் போட்டுக் கழுவி, காற்றடித்து உலர்த்தலாம். பம்ப்பின் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்கோடு தங்குதடையில்லாமல் போய்வருகிறதா என்று பார்க்க வேண்டும். சேம்பர் கீழே இருக்கும்போதே ஒரு பேரிங் மூடியையாவது திறந்து பார்ப்பது புத்திசாலித்தனம். இன்னொருமுறை இவ்வளவு பாடுபட யாருக்கு மனம் வரும்? மாட்டும்போது சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசுவதையும் தவிர்க்க வேண்டும். வெளியே பிதுங்குகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். அது காய்ந்து அறுந்து விழுந்தால், இவ்வளவு கழுவியும் சல்லடைக்குப் புதிதாக ஒரு மூடி போட்டதாகிவிடும். எல்லாம் முடிந்து புது ஃபில்டர், புது ஆயில் போட்ட பின், ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டே செல்ஃப் அடித்து, பிரஷர் முள் அசைந்த பிறகுதான் இன்ஜினை ஓடவிட வேண்டும்.

என்ன ஆயில் ஊற்றுவது என்பதில் ஒரு வாதம் அடிக்கடி கேட்கிறேன். ‘பழைய வண்டிக்குப் பழைய ரக ஆயில்தான் சரி, நல்ல ஆயில் ஊற்றினால் அழுக்கைக் கிளப்பிவிடும்’ என்கிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு. 2002-ல் வந்த சிஐ-4 தரம் போன்ற இன்றைய ஆயில்களில் அழுக்கைக் கழுவும் வேதிப்பொருளும், கரியைத் துகளாகவே மிதக்கவிட்டு ஒன்றுசேர விடாமல் தடுக்கும் வேதிப்பொருளும் நிறைய இருக்கின்றன. கசடு நிறைந்த இன்ஜினைத் திறக்காமல் அந்த ஆயிலை ஊற்றி நெடுங்காலம் விட்டால் அடைப்பு வரலாம்தான். திறந்து கழுவிய இன்ஜினுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. கைக்கு எட்டாத ஆயில் வழிகளில் மிஞ்சியதை அது மெல்ல மெல்ல எடுத்துவரும். அதனால்தான் முதல் ஆயிலை 50 மணி நேரத்தில் ஃபில்டரோடு மாற்றச் சொல்கிறேன். அடுத்ததை 100 மணியில் மாற்ற வேண்டும். பிறகு புத்தகப்படி போகலாம். ‘ஊத்துன ரெண்டே நாள்ல கறுத்துப்போச்சு, டூப்ளிகேட் ஆயில்’ என்று கேனைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பதுதான் அது வேலை செய்வதற்கான அடையாளம். கரியை ஆயில் சுமக்காவிட்டால் இன்ஜின் சுமக்கும். பேரலில் இருந்து அளந்து ஊற்றும், பேர் தெரியாத லூஸ் ஆயில் பக்கம் மட்டும் போகாதீர்கள். பழைய ஆயிலை வடிகட்டி நிறம் மாற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

கூலி விஷயத்தையும் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். சேம்பர் இறக்கிக் கழுவி மாட்ட இரண்டு ஆள், இரண்டு நாள். நான்காயிரம், ஐந்தாயிரம் என்று கூலி சொன்னால் “கழுவுறதுக்கா இவ்வளவு?” என்று முகம் மாறுகிறது. அதே ஆள், பேரிங் அடித்து, கிராங்க் கடைந்து, லைனர், பிஸ்டன் மாற்றி அதற்குப் பல மடங்கு செலவாகும்போது கடன் வாங்கியாவது மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார். புதுச் சாமான் கைக்கு வந்தால்தான் பணம் கொடுத்ததற்கு அர்த்தம் என்று நினைக்கிறோம். அடியில் படுத்து, கண்ணில் டீசல் சொட்ட, ஓட்டை ஓட்டையாகத் துடைத்தெடுக்கிற உழைப்பு கணக்கில் வருவதே இல்லை. ஐடிஐ முடித்து என்னிடம் வருகிற பிள்ளைகள் இரண்டு வருஷத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இதற்கு மரியாதையும் இல்லை, கூலியும் இல்லை என்பதே அவர்கள் சொல்கிற காரணம். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேளாண்மைப் பொறியியல் துறை பராமரிப்பு முகாம் நடத்தும்போது மேடைப் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒரு பழைய வண்டியின் சேம்பரை எல்லோர் கண்ணெதிரிலும் இறக்கிக் காட்டட்டும். அந்தச் சல்லடையை ஒருமுறை நேரில் பார்த்த விவசாயி பிறகு கூலிக்குப் பேரம் பேச மாட்டார்.

கடைசியாக, எடுத்த கசடும் வடித்த ஆயிலும் எங்கே போகின்றன? எங்கள் ஊரில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிந்து போகிறது. அந்தத் தண்ணீரில்தான் இந்தப் பக்கத்து வயல் முழுக்க விளைகிறது. வாய்க்கால் கரையிலேயே வண்டியை நிறுத்தி ஆயிலை இறக்கி மண்ணில் விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பயன்படுத்திய ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் சேர்ந்துவிடுகின்றன. அதனால்தான் என் பட்டறையில் எல்லோரும் கையுறை போடுகிறோம். 2016-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அதை அபாயகரமான கழிவு என்றே வகைப்படுத்துகின்றன. 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பயன்படுத்திய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முறையாகச் சுத்திகரித்தால் அதிலிருந்து மறுபடியும் நல்ல ஆயில் எடுக்கலாம். ஆனால் அந்த விதி எங்கள் ஊர்ப் பட்டறை வாசலுக்கு இன்னும் வரவில்லை. ஒரு கேன் பழைய ஆயிலோடு நிற்கும் விவசாயி அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்? ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலும் மூடி போட்ட ஒரு டிரம் வைக்கட்டும். உரம் வாங்க வருகிறவர் கேனையும் கொண்டுவருவார். டிரம் நிறைந்ததும் அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர் வந்து எடுத்துப்போகட்டும், அந்தச் செலவை ஆயில் கம்பெனிகள் ஏற்கட்டும். எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் நாளைக்கே கொண்டுவந்து ஊற்றத் தயாராக இருக்கிறோம்.